விராலுக்கு அவசரம் ஆகாது

விராலுக்கு அவசரம் ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. தளதளவென்று கொதிக்கவிட்டால் சக்கையாகிவிடும். கரண்டியைப் போட்டுக் கிண்டினால் தூளாகிவிடும். என்ன சமைத்தாய், எப்படிச் சமைத்தாய், எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல் என்றீர்கள். எனக்கு ஆதி என்றால் அடுப்புதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஏட்டு ஐயாதுரை அண்ணன் பதறாமல் எழுதலாம், நான் நிதானமாகத்தான் சொல்வேன்.

மீன் கொண்டுவருவது சீனியம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கண்மாய் விரால், பானைத் தண்ணீரில் உயிரோடு வரும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டால்தான் பிடிபடும். செதிலைக் கல்லில் உரசி, உப்புப் போட்டு அலசி, கனத்த துண்டாக நறுக்க வேண்டும். புளி கிடையாது, மிளகாய் கிடையாது. சின்ன வெங்காயத்தையும் இஞ்சியையும் நிறம் மாறாமல் வதக்கி, தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றி, மீனை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். இந்த இராஜபாளையத்தில் வீட்டுக்கு வீடு காய்ந்த பருத்திமார் எரிக்கிற அடுப்புதான். அது பேயாக எரியும், விராலுக்கு ஆகவே ஆகாது. நான் புளியங்கட்டைக் கங்கு மட்டும் வைப்பேன். சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து மெல்ல ஒரு சுழற்று, பிறகு செத்த நேரம் சும்மா விட்டுவிட வேண்டும். கடைசியில் முதல் பால், கொஞ்சம் சீரகத்தூள். சதை தானாக முள்ளை விட்டு விலகும். அந்த வெள்ளையைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிடும். இப்போதும் வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர், ஏட்டு அண்ணன் இப்போது வாசித்தாரே, அதுதான். என் வாயால் சொல்லி வழக்கமில்லை. எதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். மற்ற நாளெல்லாம் நாடகத்துக்கு வாசிப்பார். இன்றைக்கு சுந்தரபாண்டியம், நாளைக்குத் தென்காசி. வந்தால் வாசலில் நின்றுகொண்டே, "ஏட்டி, சோறு இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்று நான் வாயெடுப்பதற்குள், தின்றுவிட்டு வந்ததாகச் சொல்லிவிடுவார். வீட்டில் சாப்பிட்டாலும் குழம்பு நாக்கை அறுக்கிற காரமாக இருக்க வேண்டும். குனிந்து தின்றுவிட்டுப் போய்விடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

போன மார்கழியில் நாடகக் கம்பெனி ஏஜெண்டு காசிராஜன் வந்து, பொங்கல் கழிந்ததும் கொழும்பில் நாடகம், தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும் என்றார். இவர் முகம் பூவாக மலர்ந்தது. நான் எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எப்படிட்டி இப்பவே தெரியும்?" என்றார். கொழும்புக்குப் போன ஆர்மோனியக்காரர்கள் அங்கேயே குடும்பமாகிவிட்ட கதை எனக்கும் தெரியும். அன்றைக்கு நான் அழவில்லை. அவர் வேட்டிகளை வெளுத்து மடித்து வைத்தேன்.

பொங்கலுக்கு முன்பே காய்ச்சல் வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று அப்போது சொன்னேன், தப்புத்தான். டைபாய்டு என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் இறங்கிய பிறகும் குடல் புண்ணாக இருக்கும், காரம் ஆகவே ஆகாது, குழைந்த சோறும் வெள்ளை மீனும் மட்டும் கொடு என்றார். அப்படித்தான் விரால் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அடேயப்பா, அந்த நாட்களை என்னவென்று சொல்வேன், ஐயா. விளக்கு வைத்ததும் தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைப்பேன். மீனை உதிர்த்து, சோற்றோடு பிசைந்து ஊட்டுவேன். முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டு, "ஏசம்மா, இம்புட்டு நாளா இந்தக் கைய எங்கட்டி வச்சிருந்த?" என்றார். என் பெயரைச் சொன்னார். கல்யாணத்தன்று பாதிரியார் சொல்லச் சொன்னபோது சொன்னது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். நான் அடுக்களைக்குள் ஓடிவந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஒரு சுற்றுச் சுற்றி ஆடியும்விட்டேன். பின்வீட்டுக் கருத்தம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னட்டி, புருசன் படுத்துக் கெடக்கான், நீ புதுப்பொண்ணு மாதிரி குதிக்க?" என்றாள். புதுப்பெண்தான். புதுப்பெண்ணாக இருந்தபோதுகூட நான் அப்படி இருந்ததில்லை. தெம்பிருக்கிற அன்றைக்கு ஆர்மோனியத்தை மடியில் வைத்து, எனக்காக மட்டும் ஒரு பாட்டு வாசிப்பார். துருத்தியை அமுக்கக் கையில் வலு இருக்காது, நான் அமுக்குவேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு. சொர்க்கம் என்று பிரசங்கத்தில் சொல்வார்களே, அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பிறகு அவருக்குக் குணமானது.

எழுந்து கொல்லைவரை நடந்தார். மறுநாள் வாசல்வரை நடந்தார். கருத்தம்மா வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்த வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு, "நாமளும் ஒருநா வைப்பமா?" என்று கேட்டார். அதே வாரம் காசிராஜன் மறுபடி வந்தார். நடையில் நின்று இருவரும் பேசினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என்ன பேசினார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் தட்டில் பேதி மருந்தைத் தூவினேன்.

விஷம் என்று எழுதாதீர்கள், ஏட்டு அண்ணே. ஊரில் குழந்தை குட்டிக்கெல்லாம் கொடுக்கிற பேதி மருந்துதான். புண்ணான குடல் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆமாம், எனக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சட்டியில் நான் ஒருநாளும் எதையும் கலந்ததில்லை. அந்த மாதிரிப் பக்குவத்தில் இறங்கிய மீனைக் கெடுக்க எனக்கு மனசு வராது. தட்டில்தான் போட்டேன். தேங்காய்ப்பாலில் கசப்பு தெரியவில்லை.

மறுபடி படுத்துக்கொண்டார். மறுபடி தலையணை, மறுபடி ஊட்டல். எலும்பும் தோலுமாகி, கண் மட்டும் பெரிதாக, என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். எம்புட்டு அழகு தெரியுமா. கன்னத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறினால் அன்றைக்கு ஒரு கிள்ளு மருந்து. வாடிவிட்டால் மருந்து கிடையாது, வெறும் மீன். நான் கணக்காகத்தான் நடந்துகொண்டேன். வேகமாக எதையும் செய்யவில்லை.

மாசியில் அவர் அக்கா அன்னாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வண்டி கட்டி வந்தாள். பிராது கொடுத்தவள் அவள்தான். வந்த அன்றே என்னைக் கூர்ந்து பார்த்தாள். எங்கள் பக்கம் புருஷன் சாப்பிட்ட தட்டில்தான் பெண்டாட்டி சோறு போட்டுச் சாப்பிடுவாள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். நானும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கோபித்துக்கொண்ட நாளில்கூட அந்த வழக்கத்தை விட்டதில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நேரே கொல்லைக்குப் போய்க் கழுவிவிட்டேன். பழகிப்போயிருந்ததால் யோசிக்கவே இல்லை.

"ஏட்டி, அவன் தட்டுல நீ திங்கமாட்டியா?" என்றாள்.

"காய்ச்சக்காரவுக தட்டு, மதினி."

"காய்ச்ச விட்டு எம்புட்டு நாளாச்சு?"

நான் சிரித்துக்கொண்டேன். மறுநாள் அவர் பாதி சாப்பிட்டதும், நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், தட்டை இழுத்துவைத்து மிச்சத்தை அவளே தின்றுவிட்டாள். நல்ல பருத்த உடம்பு, குடலும் நல்ல குடல். இருந்தும் சாயங்காலம் முழுக்கக் கொல்லைக்கும் வீட்டுக்குமாகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஐயா. அவளும் அதைப் பார்த்தாள். அதோடு மறுநாளே மாட்டுவண்டியில் தம்பியைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொல்லி, படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

கூட்டிக்கொண்டு போனால் அவளுடைய சமையல். மிளகாயும் புளியும் போட்டுக் கொன்றுவிடுவாள். அதனால் அன்று இராத்திரிச் சாப்பாட்டில் கிள்ளு என்று பார்க்கவில்லை. கையில் வந்ததைப் போட்டேன். வண்டியில் ஏற முடியாத அளவுக்கு அசந்து படுத்தால் போதும் என்று நினைத்தேன். விடிந்து வண்டி வாசலுக்கு வந்தபோது ஏற்றுவதற்கு அவர் இல்லை.

அவ்வளவுதான். போட்டது நான்தான், தெரிந்துதான் போட்டேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், எனக்கு எழுதத் தெரியும்.

காசிராஜன் பேச்சைச் சொல்கிறேன் என்றேனே. நடையில் அன்றைக்கு அவர், "அடுத்த கப்பல்லயாவது வாருமய்யா, சீட்டு எடுத்திரவா?" என்று கேட்டார்.

இவர் சிரித்தார். "கொழும்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. எம் பொண்டாட்டி வைக்கிற மீன விட்டுட்டு நான் எந்தக் கப்பல்ல ஏறப்போறேன்? வேற ஆளப் பாரும்" என்றார். நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

அப்புறம் ஏன் போட்டாய் என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள். நீங்களும் அங்கே நின்றிருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும். அவர் அதை நின்றுகொண்டு சொன்னார், ஐயா. இரண்டு காலும் தரையில் ஊன்றி, கதவு நிலையைக்கூடப் பிடிக்காமல் நின்றுகொண்டு சொன்னார். நின்றுகொண்டு சொல்கிற பேச்சை நான் எப்படி நம்புவேன்? படுத்துக்கொண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.