பச்சையில் நின்ற பிள்ளைகள்

நாடாவைக் கட்டுவதற்கு முன் என் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்வேன். குளிர்ந்த கை பட்டால் பிள்ளை சிணுங்கும், கையை இழுத்துக்கொள்ளும், அளவு தவறிவிடும். பதினாறு வருடமாக அப்படித்தான். ஜெலிஃபா அக்காவின் மேஜையில் பிள்ளைகள் அழுவதில்லை என்று தாய்மார்களே சொல்வார்கள். அதையும் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம், ஐயா.

ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தில் பிள்ளைகளின் ஊட்டச்சத்து என் பொறுப்பு. மேல்கையில் மூன்று நிறம் போட்ட அளவு நாடாவைச் சுற்றுவேன். சிவப்பில் நின்றால் சிப்போண்டே கிடைக்கும்; பாலும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த நிலக்கடலை விழுது, பொட்டலமாக வரும். மஞ்சள் என்றால் கஞ்சி மாவு. பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கு மருந்து எங்கள் பக்கம் வரவில்லை. டமாண்டனி என்று ஒரு பையன், மூன்று வயது. வாயெல்லாம் வெள்ளைப் புண். நாற்பது நாள் என் மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். பாதி வெளியே வரும். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவேன். நாற்பத்தோராம் நாள் போய்விட்டான். அதே வாரம், வைரஸ் இல்லாத ஒரு பெண் குழந்தை வந்தபோது கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அவளும் போய்விட்டாள். அவன் சாப்பிட்டது அவளுடையது என்று அன்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு பிள்ளைகளுக்கும் மருந்து வந்தது. பயிற்சிக்கு அனுப்பினார்கள். மருந்து குடிக்கும் பிள்ளை மெலிந்திருந்தால் அதற்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிகச் சாப்பாடு வேண்டும், அப்போதுதான் மருந்து வேலை செய்யும் என்றார்கள். நான் கவனமாகக் குறிப்பெடுத்தேன். ஆனால் என் மனதில் நின்றது வேறு: பிழைக்காத ஒரு பிள்ளைக்கு, பிழைக்கிற இரண்டு பிள்ளைகளின் பங்கு.

போன ஜனவரியில் மழை பாலத்தைக் கொண்டுபோனது. வீடுகளில் பழைய மக்காச்சோளம் தீர்ந்து, புதியது முற்றாத மாதம். சிப்போண்டே லாரி சுற்றுவழியில் பாதிச் சுமையோடுதான் வந்தது. யாருக்குக் கொடுப்பது என்று மேலிடத்தில் யாரும் சொல்லவில்லை. யாராவது முடிவெடுக்க வேண்டியிருந்தது.

செய்தது பெரிய காரியம் இல்லை. எச்.ஐ.வி. மருந்து அட்டை உள்ள பிள்ளை வந்தால் நாடாவுக்கும் கைக்கும் நடுவே என் சுண்டுவிரலை வைத்துக்கொள்வேன். சிவப்பு பச்சையாகிவிடும். தாய் சந்தோஷமாகக்கூடப் போவாள்.

எனெலெசி சந்தோஷப்படவில்லை. கரையில் பொடிமீன் காயவைத்து விற்பவள். மகள் லுசுங்குவுக்கு இரண்டு வயது. இடுப்பில் துணி மூட்டை மாதிரித் தொங்கினாள்.

"அக்கா, இழுத்துக் கட்டுங்க. உங்க விரலே உள்ள இருக்கு."

"இழுத்தா பிள்ளைக்கு வலிக்கும்மா. பச்சைதான்."

"பச்சையா? என் வளையல் இவ தோள்பட்டை வரைக்கும் ஏறுது. உங்க நாடாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சா?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "வெறும் வயித்துல மருந்தக் குடுத்தா வாந்தி எடுக்குறா அக்கா. ஒரு வாரத்துக்காவது குடுங்க. உங்க கால்ல விழுறேன்."

"நாடா சொல்றதத்தான் நான் எழுத முடியும். அடுத்த ஆளு வாங்க."

அடுத்து வந்த பையனுக்கு வைரஸ் இல்லை. உண்மையான சிவப்பு. அவனுக்குக் கொடுத்தேன். அவன் பிழைத்துக்கொண்டான். அவனைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மே மாதம் எனெலெசி திரும்பி வந்தாள். வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நின்றது, வேகவைத்த மரவள்ளித் துண்டைக் கடித்தபடி. ஒவ்வொருவராக நகர, அவர்கள் என்னை நெருங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற நான்கு பிள்ளைகளை அளந்தேன். என்ன எழுதினேன் என்று இப்போது நினைவில்லை.

"யாருன்னு தெரியுதா அக்கா? லுசுங்குதான்."

கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டேன். அன்று நாடாவைச் சரியாக இழுத்துக் கட்டினேன். உண்மையாகவே பச்சை.

"மறுநாளே படகு ஏறி அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்," என்றாள். "அங்க சிவப்புன்னாங்க. பத்து வாரம் சிப்போண்டே குடுத்தாங்க. இப்ப என் தட்டுலேயும் கைய வெக்குறா." என் சுண்டுவிரலைப் பார்த்தாள். "ஒரே ராத்திரியில பச்சை எப்படி அக்கா சிவப்பாகும்?"

"சில பிள்ளைங்க சட்டுன்னு இளைச்சுடுவாங்க."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். வெளியே போய், மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களோடு வெகுநேரம் பேசினாள். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களும் பச்சை என்று கேட்டுவிட்டுப் போனவர்கள். மூன்று பேரும் ஊர் ஊராகப் போய் மற்றத் தாய்மார்களைத் தேடிப்பிடித்து உங்களிடம் வர இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

நீங்கள் கேட்ட விவரம் சரிதான். லுசுங்குவைச் சேர்க்காமல் ஒன்பது பிள்ளைகள். அவர்களில் முதல் ஆறு பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு பொட்டலம்கூட நான் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. அதை எனெலெசியும் ஒத்துக்கொள்வாள்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். லுசுங்கு நடந்து வந்ததைப் பார்த்த பிறகுமா என்று.

ஆமாம் ஐயா. அதற்குப் பிறகும் மூன்று பிள்ளைகளுக்கு விரலை வைத்தேன். மழை நின்றிருந்தது, பாலம் கட்டியாகிவிட்டது, அலமாரி நிறையச் சிப்போண்டே இருந்தது. இருந்தும் வைத்தேன். அந்த மூவருக்கும் சரியாக இழுத்துக் கட்டியிருந்தால், முதல் ஆறு பேரை நான் கொன்றதாக ஆகியிருக்கும்.