பன்னிரண்டு மணி நேரம் அழியாத பூச்சு

கடையில் உப்பு வாங்கினாலும் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை அளக்கச் சொல்வேன். கடைக்காரன் மூஞ்சியைச் சுளிப்பான். சுளித்துவிட்டுப் போகட்டும். உப்பு கரிக்கும் என்று அவன் சொல்லி நான் எதற்கு நம்ப வேண்டும்? என் நாக்கு என்ன ஊருக்கா போயிருக்கிறது?

ஸ்டேசன் ரைட்டர் ஐயா, உங்கள் பேனா ஓடுகிற வேகத்துக்கே சொல்கிறேன். பேர் சின்னுசாமி. வயது அறுபத்தைந்து. மோகனூருக்கு மேற்கே ஆத்தோரத்தில் மூன்று ஏக்கர் கரும்பு. படிப்பு இரண்டாம் வகுப்பு. பூமி உருண்டை என்று வாத்தியார் சொன்ன அன்றைக்கு நின்றுவிட்டேன். உழுகிறவன் நான், எனக்குத் தெரியாதா.

என் வழக்கம் இதுதான். புது உரம் வந்தால் ஒரு பாத்திக்குப் போடுவேன், பக்கத்துப் பாத்திக்குப் போடாமல் விடுவேன். இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் மூட்டையில் எழுதியிருப்பது நிசமா புளுகா என்று தெரியும். எருமை வாங்கினால் மூன்று வேளை நானே கறந்து பார்ப்பேன். என் சம்சாரம் சௌந்திரம் காப்பி கொண்டுவந்தால் முதல் மடக்கை அவள் குடிக்க வேண்டும், பிறகுதான் நான். முப்பத்தெட்டு வருசமாக அப்படி. அவள் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. நல்ல மனுசி.

போன மாசம் என் அக்கா அத்தாயியின் மகன் தங்கசாமி, பம்பாய் லைனில் லாரி ஓட்டுகிறவன், ஒரு கண்ணாடிப் புட்டி கொண்டுவந்தான். என் இளைய மகள் பாவாயி கல்யாணத்துக்கு அவன் செய்கிற மொய்யாம். சீமைச் சரக்கு. உள்ளே செம்மண்ணைக் கரைத்த மாதிரி ஒரு சாந்து. பேர் பவுண்டேசன் என்றான்.

"ஊட்டுக்குத்தான்டா கடைக்கால் போடுவாங்க. மூஞ்சிக்குமா?" என்றேன்.

"மாமா, இதைப் பூசுனாப் பன்னண்டு மணி நேரத்துக்கு அசையாது. வேர்வைக்கு அழியாது, தண்ணிக்கு அழியாது, அழுதாலும் அழியாது. அட்டையிலயே போட்டிருக்குது. பம்பாய்ல சினிமாக்காரங்க பூசறது."

"சினிமாக்காரங்க நெசமாவா அழறாங்க?"

விலையைக் கேட்டேன். அந்தக் காசுக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடாய் வாங்கலாம். கிடாயாவது நாலு காலில் நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

இதை நான் ஏன் பெரிசாக எடுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். மூத்தவள் காளியாத்தாள் கல்யாணம் எழுபத்திரண்டில் நடந்தது. முகத்துக்கு டப்பா பவுடர்தான். மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போது பிள்ளை தேம்பி அழுதாள். இரண்டு கன்னத்திலும் கோடு கோடாக இறங்கிவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரன் அமுக்கிவிட்டான். அந்தப் படம் பதினொரு வருசமாக அவள் மாமியார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவன் போகிறவனெல்லாம் அவளை "அணிலு" என்று கூப்பிடுகிறான். பாவாயிக்கு அந்தப் பேர் வரக்கூடாது. இதில் சம்பந்தி நாச்சிமுத்து சேலத்திலிருந்து கலர்ப்படக்காரனை வேறு வரவழைக்கிறாராம். கலரில் கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

அதனால் அட்டையில் போட்டிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

இது தை மாசம், வேர்வைக்கு வழியில்லை. ஆகையால் வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்குப் போனேன். இடது கன்னத்தில் சௌந்திரத்தின் டப்பா பவுடர், வலது கன்னத்தில் சீமைச் சாந்து. கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். கொப்பரை கிண்டுகிற காத்தான் என்னையே பார்த்தான். "ஏனுங்க, பாதிச் சுவத்துக்குத்தான் வெள்ளை அடிச்சிருக்கீங்க. மீதி அடுத்த பொங்கலுக்குங்களா?" என்றான். கால் மணிக்குள் பவுடர் பக்கம் பாழாகிவிட்டது. ஒரு சொட்டு இறங்கினால் போதும், பவுடரில் கோடு விழுந்துவிடுகிறது. இதை நன்றாகக் கவனித்துக்கொண்டேன். சாந்து பூசின பக்கம் அப்படியே இருந்தது. அடுத்து காவிரியில் மூன்று முழுக்கு. அப்போதும் அப்படியே.

பாக்கி அழுகை.

மிளகாயைச் சுட்டுப் பார்த்தேன். தண்ணி வந்தது, ஆனால் அது மிளகாய்த் தண்ணி. மனசு நொந்து வருகிற தண்ணியில் உப்பு சாஸ்தி. எங்கள் போர்த் தண்ணி அப்படித்தான் உப்பு. மூன்றே வருசத்தில் இரும்புக் குழாயைத் தின்றுவிட்டது. ஆக, நெசமான கண்ணீர் வேண்டும். அதுவும் ஒரு பகல் முழுக்க வேண்டும். எனக்கு அழுகை வராது. எங்கய்யன் செத்தபோது "நல்லாப் பாத்தீங்களா, மூச்சு இல்லையா" என்று கேட்டவன் நான்.

ஆனால் யாரையும் நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு தந்தி கொடுத்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு இதுவரை ஐந்து தந்தி வந்திருக்கிறது. ஐந்தும் சாவு. அதனால் தந்திக்காரன் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே பெண்கள் முடியை அவிழ்த்துவிடுவார்கள். முதலில் அழுவது, அப்புறம் படிப்பது. உள்ளே இருப்பது இங்கிலீசு, படிக்க ஆள் தேட வேண்டுமே. தந்திக்காரனும் உறையைக் கொடுத்துவிட்டு நிற்க மாட்டான். போன தடவை நின்றவனைக் கட்டிப் பிடித்து அழுது சட்டையைக் கிழித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை இளம்பிள்ளைக்குப் போய் முகூர்த்தச் சேலை எடுப்பதாக ஏற்பாடு. தங்கசாமி லோடு இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு லாரியோடு வருவான். நான் வியாழன் சாயங்காலமே, கருகின பம்பு மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு நாமக்கல் போனேன். போகும்போது பாவாயியிடம், "காலைல ஆறு மணிக்கே எல்லாரும் அந்தச் சாந்தைப் பூசிக்கங்க சாமி, காசு குடுத்தது வீணாகக் கூடாது" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோசம். ஐயன் திருந்திவிட்டார் என்று நினைத்திருப்பாள்.

தந்தி ஆபீசில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்கள். "நான் நல்லா இருக்கேன்னு எழுதுங்க" என்றேன்.

"நல்லா இருக்கறதுக்கு எதுக்குப் பெரியவரே தந்தி? கார்டு போட்டாப் போதுமே."

"கார்டைப் பாத்து யாரும் அழமாட்டாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினார். அதனால், பொய்த் தந்தி கொடுத்தான் என்று எழுதாதீர்கள். தந்தியில் இருந்தது சத்தியம்.

விடிகாலை முதல் பஸ்ஸில் திரும்பி, எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கிற கரும்புக் காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டேன். கையில் கடிகாரம் இருந்தது; சர்க்கரை ஆலைச் சங்கோடு ஒத்துப் பார்த்துக்கொண்டேன். ஆறு மணிக்கு வாசல் வெளிச்சத்தில் பாவாயி, காளியாத்தாள், அத்தாயி மூவரும் பூசிக்கொண்டார்கள். சௌந்திரம் மட்டும், "சீமைச் சாந்து எனக்கெதுக்கு, என்ற டப்பாவே போதும்" என்று பவுடரை அப்பிக்கொண்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். உரம் போடாத பாத்தி.

எட்டே முக்காலுக்குத் தந்தி வந்தது. "நாமக்கல் தந்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தந்திக்காரன் சைக்கிளைத் திருப்பினான். உறையை வாங்கின கையோடு அத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா இழவுப் பாட்டில் பேர் போனவள். அவள் வராத சாவு சாவே இல்லை என்பார்கள். பாவாயி எட்டாவது வரை படித்தவள், உறையைப் பிரிக்கப் போனாள். அத்தாயி அவள் கையைத் தட்டிவிட்டாள். "எழவுத் தந்தியைக் கல்யாணப் பொண்ணு தொடலாமா? வாத்தியார் வந்து படிக்கட்டும். ஆரு போயிருக்கறது நாமக்கல்லுக்கு? எந்தம்பிதான போயிருக்கறான்."

இது என் தப்பா ஐயா? யாராவது பிரித்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நல்ல வேளை, பிரிக்கவில்லை.

அப்புறம் பாடினாள். "உப்பைக்கூட நக்கிப் பாத்த ராசா, எமஞ் சொன்னதை மட்டும் எப்படி நம்பிப் போன?" கரும்புக்குள் இருந்த எனக்கே நன்றாக இருந்தது. சௌந்திரமும் மாரில் அடித்துக்கொண்டு, "எங்கையால குடிக்கறதுக்கு முந்தி எனக்குக் குடுத்த மகராசா" என்று பாடினாள். தொண்டை கணீரென்று இருந்தது. இவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்கு வந்த தங்கசாமி, சேலை எடுக்க வந்த லாரியில் பங்காளிகள் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு, நாமக்கல் ஆஸ்பத்திரியில் என் பிணத்தைத் தேடப் போனான்; அங்கே இல்லையென்றதும் சேலத்துக்கும் போய்விட்டானாம். பதினோரு மணிக்குச் சாவு மேளம் வந்தது. பந்தலுக்கு என் தோட்டத்து வாழையை வெட்டினார்கள், அதுவும் குலை தள்ளினதை. எழுந்து ஓடப் பார்த்தேன், ரெண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சோதனை என்றால் கொஞ்சம் சேதாரம் இருக்கத்தான் செய்யும்.

மத்தியானம் பள்ளிக்கூட இடைவேளையில் நசுருல்லா வாத்தியார் தந்தியைப் படிக்கச் சைக்கிளில் வந்தார். வாய்க்கால் பாலத்தில் நான் அவரை நிறுத்தினேன். பாவம், சைக்கிளோடு சாய்ந்துவிட்டார்.

"பெரியவரே, நீங்க உசுரோட இருக்கீங்க."

"இருக்கேன். ஆறு மணிக்குச் சொல்லிக்கலாம்."

"அங்க உங்க சம்சாரம் அழுதுட்டு இருக்காங்களே."

"அதுக்குத்தானுங்க" என்றேன்.

அவர் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். படித்தவர்களுக்குப் பொறுமை கிடையாது. அவரைத் தோளோடு அணைத்து எங்கள் மோட்டார் ரூமுக்குள் விட்டேன். பூட்டினான் என்று எழுதாதீர்கள். கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டேன், பூட்டு போடவில்லை. தின்பதற்கு ரெண்டு கரும்பும் வைத்தேன். சத்தம் போட்டார். மேளச் சத்தத்தில் அது ஒன்றும் தொந்தரவாக இல்லை.

நாலு மணிக்குச் சம்பந்தி நாச்சிமுத்து கோடித் துணியோடு வந்தார். பந்தலில் நின்று, "வீட்டுப் பெரியவரே போன பிறகு இந்த முகூர்த்தம் நடக்காது. இந்த இடம் நமக்கு அமையுமான்னு மறுபடி குலதெய்வத்துக்கிட்டப் பூக் கேக்கணும்" என்று சொன்னார். பாவாயி தூணில் போய்த் தலையை முட்டிக்கொண்டாள். அதே நேரம் ஊர்க் கிழவிகள் சௌந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து கையில் இருந்த வளையலைக் கழற்றப் போனார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி நேரம் ஆகியிருந்தது. அட்டையில் போட்டிருப்பது பன்னிரண்டு. பத்தில் எழுந்து போனால் அந்தப் புட்டிக்காரன் நாளைக்கு என்னைத்தானே குறை சொல்வான்.

ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதினது, வெளியே வந்தேன். மேளம் நின்றது. பாடை கட்டிக்கொண்டிருந்த காத்தான் மூங்கிலோடு வாய்க்காலில் குதித்தான். நாச்சிமுத்து மாட்டுவண்டி மேல் ஏறி நின்றுகொண்டார். நேராகப் பாவாயி தாடையைப் பிடித்து நிமிர்த்தி டார்ச்சை அடித்தேன். ஒரு கோடு இல்லை. காளியாத்தாள், இல்லை. அக்கா மயங்கிக் கிடந்தாள், பார்ப்பதற்கு அது சௌகரியமாக இருந்தது. அவளுக்கும் இல்லை.

சௌந்திரம் மட்டும் ஓடவும் இல்லை, விழவும் இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வந்துட்டீங்களா" என்றாள். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். முதல் மடக்கைக் குடிக்காமல் அப்படியே நீட்டினாள். முப்பத்தெட்டு வருசத்தில் இது முதல் தடவை. நான் குடிக்கவில்லை.

அவள் மோட்டார் ரூம் கொண்டியை எடுத்துவிட்டாள். பிறகு வண்டி மேல் நின்றவரைப் பார்த்து, "சம்மந்தி, கீழ எறங்குங்க. முகூர்த்தத்தை மாத்த வேண்டாமுங்க. இவரை எங்க விடணுமோ அங்க நான் விட்டுட்டு வாரேன்" என்றாள். நாச்சிமுத்து, பெண்ணைப் பெற்ற நான் கல்யாணப் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது, அப்படியென்றால் சரி என்றார். பேசி முடித்துவிட்டார்கள். வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு நேற்றே அவள் இங்கே வந்து உங்களிடம் மனுக் கொடுத்ததும், "கல்யாணம் முடியற வரைக்கும் பன்னண்டு நாளைக்கு இவரை உள்ள வெச்சிருங்க சாமி" என்று கேட்டதும் உங்களுக்கே தெரியும்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தந்தி கொடுத்தது நான். வாத்தியாரை அடைத்தது நான். என் வீட்டை உட்கார வைத்து என் சாவுக்கு ஒன்பது மணி நேரம் அழவிட்டு, பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். கைநாட்டு வைக்கிறேன். அதற்கு முன்னால் எழுதினதை நீங்கள் ஒரு தடவை வாசியுங்கள், பிறகு வாசலில் நிற்கிற போலீஸ்காரரை விட்டும் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.

முகூர்த்தத்தன்று நான் இல்லாவிட்டாலும் பாவாயி முகத்தில் கோடு விழாது, அது போதும். இன்னொன்று மட்டும் தனியாக எழுதுங்கள். கடைசியில் சௌந்திரம் முகத்திலும் டார்ச்சு அடித்துப் பார்த்தேன். எல்லாரையும்விட உரக்க அழுதவள் அவள்தான். பூசியிருந்ததோ அந்தப் பழைய டப்பா பவுடர். அதிலும் ஒரு கோடு இல்லை ஐயா, காலையில் அப்பின மாவு அப்பினபடி இருந்தது. உள்ளூர்ச் சரக்கு இவ்வளவு உறுதியாக இருக்கும் என்று இத்தனை வருசமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டது.