ரெண்டு பேர் சைஸ்

கடைக்காரம்மா: …அதைத் திருப்பி வைங்க சார். வாய் மேல பார்த்து இருக்கணும். தகரக் கப்புன்னு நினைச்சுட்டீங்களா?

லிஃப்ட் மெக்கானிக்: கையில எடுத்தா அப்படித்தாம்மா இருக்கு. இதுல தண்ணி கொதிக்குமா?

கடைக்காரம்மா: எட்டு நிமிஷத்துல. மலை ஏறறவங்க முதுகுல தூக்கிட்டுப் போறதுக்குன்னே செஞ்ச அடுப்பு. கேஸ் டப்பா வேண்டாம், வழியில பொறுக்கற சுள்ளியே போதும். கனம்… ஒரு ஆப்பிள்.

லிஃப்ட் மெக்கானிக்: கனம் இருந்துட்டுப் போகட்டும். புகை வரக்கூடாது.

கடைக்காரம்மா: விறகு அடுப்பைக் கேட்டுட்டு, புகையும் வரக்கூடாதா?

லிஃப்ட் மெக்கானிக்: லிஃப்ட் ரிப்பேர்ல முப்பத்தோரு வருஷம் இருந்தவன்மா நான். முடியாதுன்னு சொல்றவங்களை நிறையப் பார்த்துட்டேன்.

கடைக்காரம்மா: முடியாதுன்னு யாரு சொன்னா? இங்க வாங்க. விரலை உள்ள விடுங்க. எத்தனை சுவர் தட்டுப்படுது?

லிஃப்ட் மெக்கானிக்: ஒண்ணு… இரு, ரெண்டு. டப்பாவுக்குள்ள டப்பா.

கடைக்காரம்மா: நடுவுல சந்து இருக்கா? அடி ஓட்டை வழியா காத்து அந்தச் சந்துக்குள்ள ஏறும். ஏற ஏறச் சூடாகும். மேல உள்பக்கம் பாருங்க, வரிசையா ஓட்டை. அது வழியா சூடா உள்ள பாயும். புகைங்கறது என்ன சார்? எரியாம தப்பிச்சு ஓடற விறகு, அவ்வளவுதான். அதை இந்தக் காத்து வாசல்லயே பிடிச்சு எரிச்சுடும்.

லிஃப்ட் மெக்கானிக்: எங்க லிஃப்ட் மாதிரி. கீழ நுழைஞ்சா மேல வந்துதான் ஆகணும்.

கடைக்காரம்மா: அதேதான். உங்களுக்கு இந்தச் சின்னதே போதும். ஒருத்தர் சைஸ்.

லிஃப்ட் மெக்கானிக்: நான் ஒருத்தன்னு சொல்லவே இல்லையே. ரெண்டு பேர் சைஸைக் காட்டும்மா.

கடைக்காரம்மா: அது ஒண்ணரை மடங்கு கனம்.

லிஃப்ட் மெக்கானிக்: நானே தூக்கிக்கறேன்.

கடைக்காரம்மா: கூட வர்றது யாரு?

லிஃப்ட் மெக்கானிக்: என் சிநேகிதன். பல் டாக்டர். பத்தொன்பது வருஷமா, வருஷத்துக்கு ரெண்டு தடவை சேர்ந்து போவோம். வீட்டுல அவனுக்கும் யாரும் இல்ல, எனக்கும்… சரி, அதை விடு. போன வருஷம் அடுப்புப் புகையில இருமிட்டே இறங்கினவன், அப்புறம் வரவே இல்ல. அதான், புகையாத அடுப்பா ஒண்ணு காட்டினா வருவான்.

கடைக்காரம்மா: பல் டாக்டரா…

லிஃப்ட் மெக்கானிக்: ஏன், பல் வலியா?

கடைக்காரம்மா: இல்ல, சும்மா. வர்றீங்களான்னு அவரைக் கேட்டீங்களா?

லிஃப்ட் மெக்கானிக்: ஊரையே வாயைத் திறக்கச் சொல்றவன், தன் வாயை மட்டும் திறக்க மாட்டான்.

கடைக்காரம்மா: நீங்க திறந்தீங்களா?

லிஃப்ட் மெக்கானிக்: …நீ அடுப்பைப் பத்திச் சொல்லும்மா.

கடைக்காரம்மா: சரி. சுள்ளியை ஒடிச்சுப் பாருங்க. படக்குன்னு ஒடியணும். வளைஞ்சா ஈரம், தூக்கிப் போட்டுடுங்க. தீயை மேல வைங்க, அடியில இல்ல. மெழுகுவத்தி மாதிரி மேலருந்து இறங்கணும். இன்னொண்ணு, இதுதான் முக்கியம். விறகு இந்த மேல் ஓட்டைக்குக் கீழயே நிக்கணும். அவசரப்பட்டு வாய் வரைக்கும் திணிச்சா ஓட்டை அடைஞ்சுடும். அப்புறம் எப்பேர்ப்பட்ட அடுப்பும் புகையும்.

லிஃப்ட் மெக்கானிக்: அவனும் இதையேதான் சொன்னான்.

கடைக்காரம்மா: உங்க பழைய அடுப்பும் ரெட்டைச் சுவரா?

லிஃப்ட் மெக்கானிக்: இருக்கும். எப்பவும் அவன்தான் பத்த வைப்பான், நான் உள்ள பார்த்ததே இல்ல. அன்னைக்கு மழை, பசி. நான் திணிச்சுக்கிட்டே இருந்தேன். ‘திணிக்காதடா, ஓட்டை அடையுது’ன்னு இருமிக்கிட்டே சொன்னான். ‘ரெண்டு இருமலுக்குச் செத்துட மாட்டே, பேசாம உக்காரு’ன்னேன். மறுபடியும் சொன்னான். அடுப்பை எட்டி உதைச்சேன். ஓடையில போய் விழுந்துச்சு.

கடைக்காரம்மா: கொதிக்கற தண்ணியோடயா?

லிஃப்ட் மெக்கானிக்: எங்கம்மா கொதிச்சுச்சு? அதானே கோவமே.

கடைக்காரம்மா: அப்புறம்?

லிஃப்ட் மெக்கானிக்: காலையில இறங்கற வரைக்கும் பேச்சு இல்ல. பஸ்ல வேற சீட்டுக்குப் போயிட்டான். பதினாலு மாசம் ஆச்சு.

கடைக்காரம்மா: சார்… சின்னதையே எடுத்துக்கோங்களேன்.

லிஃப்ட் மெக்கானிக்: இது ரெண்டாவது தடவை. பெருசு விக்கறதுக்கு உனக்கு என்னம்மா கஷ்டம்?

கடைக்காரம்மா: பெரிய அடுப்புல ஒரு ஆளுக்குன்னு கொஞ்சமா விறகு போட்டா சுவர் சரியா சூடாகாது. காத்து ஏறாது. அரையும் குறையுமாத்தான் எரியும்.

லிஃப்ட் மெக்கானிக்: பில் போடும்மா.

கடைக்காரம்மா: …போன் நம்பர் சொல்லுங்க. கடைசி நாலு போதும்.

லிஃப்ட் மெக்கானிக்: எழுபது, பதிமூணு. பழைய கஸ்டமர்தான்.

கடைக்காரம்மா: எழுபது, பதிமூணு… இருங்க, இன்னொரு தடவை தட்டிப் பார்க்கறேன்.

லிஃப்ட் மெக்கானிக்: என்ன, வரலையா?

கடைக்காரம்மா: வந்துருக்கு. சார், உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். பல் டாக்டர், புகைன்னு நீங்க சொன்னதுமே புரிஞ்சுபோச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி அவர் இங்க வந்தாரு. இதே அடுப்பு, இதே கேள்வி. இனிமே தனியாத்தான் போகப் போறேன்னு சொல்லி, ஒருத்தர் சைஸ் வாங்கிட்டுப் போனாரு. மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்… ஆனா அந்த பில் எப்படி உங்க நம்பர்ல இருக்கு?

லிஃப்ட் மெக்கானிக்: தெரியும்மா. ‘ஒருவர் அடுப்பு வாங்கியதற்கு நன்றி’ன்னு உங்க கடை மெசேஜ் எனக்குத்தான் வந்துச்சு. மலைக்குன்னு எது வாங்கினாலும் என் நம்பரைத்தான் சொல்லுவான், அப்படியே பழகிட்டான். மூணு வாரமா அந்த மெசேஜைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கறேன்… வாயே திறக்காதவன், திறந்தப்போ என் நம்பர்தானே வந்துருக்கு. நீ பெருசையே கட்டும்மா.