மடியில் ஒரு டின் சேறு

“மூடியை இறுக்காத ஸ்டெல்லா, அதுங்களுக்கு மூச்சு முட்டும்.”

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைப் பக்கம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் மனைவியிடம் இப்படிச் சொன்னதும் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் மடியில் பிஸ்கட் டின். உள்ளே மீனும் இல்லை, கோழிக்குஞ்சும் இல்லை. வெறும் பழுப்புச் சேறு.

“சேத்துல இருக்கிற கிருமிக்கு இவ்வளவு செல்லமா?”

“குப்பைமேட்டுல வடியுற கருப்புத் தண்ணியைத் தின்னு தெளிய வைக்கிறது அதுங்கதானே? நான் பாத்துக்கிற சுத்திகரிப்புத் தொட்டியில இருந்ததை எல்லாம் நீ கொன்னுட்ட.”

“பெரிய ஐயா தொட்டியைப் பாக்க வர்றாரு, நாத்தம் அடிக்கக் கூடாதேன்னு பிளீச்சிங் பவுடர் போட்டேன். உங்க மானத்துக்காகத்தான்!”

“ரெண்டு பொட்டலமா?”

“உங்க மானம் பெருசாச்சே.”

இருவரும் சிரித்தார்கள். ரயில்வே கேட்டில் வண்டி வெயிலில் நின்றதும் கணவரின் சிரிப்பு நின்றுவிட்டது.

“மாவ்பி ஊரு தொட்டியில கெஞ்சி வாங்குனது. இந்தச் சூட்டுல இதுவும் செத்தா நம்ம தொட்டியை மூடிடுவாங்க.”

“செத்துச்சான்னு எப்படித் தெரியும்?”

“செத்தா நாறும். உசுரோட இருந்தா மண்ணு வாசம். நீயே பாரு, எனக்குப் பயமா இருக்கு.”

அந்த அம்மாள் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே கொண்டுபோனார். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“மழை பேஞ்ச மண்ணு வாசங்க.”

அதுவரை கணவருக்கு வீசிக்கொண்டிருந்த விசிறியை டின் பக்கம் திருப்பினார்.

“எனக்கு?”

“நீங்கதான் சன்னலோரம் இருக்கீங்களே.”