நூத்திப் பதினாலாவது மூக்கு

படகு மூக்காப்பா அது? நீயே சொல்லு... ஐயையோ, சொல்லாதே! வாயைத் தொறக்காதே! தாடையை அசைச்சா நான் பொறுப்பில்லைன்னு சொல்லிட்டுத்தானே டாக்டரம்மா கட்டுப் போட்டுவிட்டாங்க? ஐஸ் பையை அழுத்திப் பிடிச்சுக்கோ. எக்ஸ்ரேக்கு உனக்கு முன்னாடி இன்னும் நாலு பேர் இருக்காங்க. நீ பேசாம உக்காரு, நான் சொல்றேன்.

ரெண்டு வருஷமா சொல்லணும்னு பாக்கறேன் தாதேயோ தம்பி. நீ எங்க பேச விட்டே? படகு வரைஞ்சு குடுக்கறேன்னு மிலான்லேருந்து கார்ல வந்து எறங்குவே. எங்க படகுப் பட்டறையில காலை வெச்ச நிமிஷத்துலேருந்து உன் வாய்தான். "இனிமே படகுன்னா இப்படித்தான், உலகமே இப்படித்தான் போகுது"... என் அண்ணன் மகன் ஃபியோரென்சோவும் ஈ போறது தெரியாம வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பான். நான் நடுவுல ஒரு வார்த்தை பேசினா, "அத்தே, அவருக்குக் காப்பி போடுங்க"ம்பான். போட்டேன். ரெண்டு வருஷமா உனக்குக் காப்பிதான் போட்டேன். இன்னிக்குக் கடவுள் எனக்கு ஒரு முக்கா மணி நேரம் குடுத்திருக்காரு.

கையில என்ன, ஃபாரமா? "அடி எப்படிப் பட்டது"ன்னு கட்டம் போட்டிருக்கா? எழுது, எழுது. அவசரமில்லை. அதுக்கு முன்னாடி நியாயத்தைக் கேட்டுக்கோ. காரை நிறுத்தப் போறப்ப ஃபியோரென்சோ சொன்னது உன் காதுல விழுந்துதுல்ல? "அத்தே, நீங்க வேணும்னே அடிச்சீங்கன்னு அவர் எழுதினா, இனிமே நீங்க பாட்டிலைத் தொட வேண்டாம்." எப்படி வாய் வருது பாரு! எழுபத்தாறு வயசுல எனக்கு வேற என்ன இருக்கு? புருஷனா, புள்ளையா? எங்க பட்டறைப் படகு எல்லாத்துக்கும் ஞானத்தாய் நான். புதுப் படகைத் தண்ணியில எறக்கறப்ப, சாமியார் மந்திரிச்சதும் அது மூக்குல ஒயின் பாட்டிலை உடைக்கிறது நான். என் பதினேழு வயசுலேருந்து நூத்திப் பதிமூணு படகு! உங்க மிலான்ல எப்படியோ, எங்க ஏரியில பாட்டில் உடையலைன்னா படகு தண்ணியில எறங்காது. உன்னோட அந்தச் சாம்பல் கலர் சனியன் இப்பவும் கிரேன்லதான் தொங்கிக்கிட்டிருக்கு. வாங்க வந்த மனுஷன் பொண்டாட்டியோட கீழே நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்காரு.

என்ன... என்ன பார்வை அது? ஓ, பேக்கரியில சொன்னதா? உன்கிட்டயும் வந்து வத்தி வெச்சுட்டாங்களா? ஆமா, சொன்னேன். இல்லைங்கல. போன வியாழக்கிழமை, பதினோரு பேரு முன்னாடி. "இந்த மூக்கை வரைஞ்சவன் மூக்குலதான் பாட்டிலை உடைக்கணும்"னு சொன்னேன். மூக்குன்னுதானே சொன்னேன்? தாடைன்னு சொன்னேனா? வேணும்னே அடிச்சிருந்தா சொன்ன எடத்துலல்ல பட்டிருக்கணும்! இதை ஒரு வக்கீல்கிட்ட வேணா கேட்டுப் பாரு.

அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துதுன்னு நான் சொல்ல வரலை, தெரிஞ்சுக்கோ. மகோகனி மரப் படகு, மூக்குல பித்தளைப் பட்டை, பாட்டிலைக் காட்டினாலே போதும், படார்னு உடையும். சரி. ஆனா குளிர்காலம் பூரா எட்டுப் பூச்சு வார்னிஷ் அடிச்சவ யாரு? நான்! என்னைப் பொண்ணு பாக்க வந்தவன் பக்கத்துல உக்காந்து, என் மேல அடிச்ச வார்னிஷ் நெடியில மூணே தும்மல் தும்மினான். எழுந்து போனவன்தான். அந்த மரம் ஒழிஞ்சுதேன்னு மெழுகுவத்தி ஏத்தினவ நான்.

அப்புறம் ஃபைபர் வந்துது. வந்ததும் அண்ணனுக்கு அமெரிக்கக் கார் மாதிரி ரெக்கை வெக்கணும்னு ஆசை. படகுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் ரெக்கை! எதுக்குன்னு கேட்டா வேகமாம். நின்னுக்கிட்டிருக்கும்போதே வேகமாத் தெரியணுமாம். சாமியார் தோன் அக்கீலே தீர்த்தம் தெளிச்சுக்கிட்டே பின்பக்கம் வந்தாரு. அங்கி போயி ரெக்கையில மாட்டிக்கிச்சு. நான் பாக்கலைப்பா, பாட்டிலை உடைச்சுட்டேன். படகு சர்ர்ருன்னு எறங்குது, அவரும் கூடவே எறங்குறாரு... இடுப்பளவு தண்ணியில நின்னு மீதி ஜெபத்தைச் சொல்லி முடிச்சாரு பாவம். அதுக்கப்புறம் எங்க பட்டறையில ரெக்கைன்னு யாரும் வாயெடுக்கலை.

சிரிக்காதே, தாடை வலிக்கும்.

அது போச்சா... என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், மூக்கு. எண்பதுகள்ல மூக்கு நீள ஆரம்பிச்சுது. எம்மாடி, நீண்டுது பாரு! பாதிப் படகு மூக்கு, மீதியில நாலு பேர் இடிச்சுக்கிட்டு உக்காரணும். உடம்பு பூரா ஊதாக் கோடு, ரோஸ் கோடு. ஏணியில ஏறி நின்னு பாட்டிலை வீசினேன். அது மூக்குக்கு அடியில பூந்து போயி டிரெய்லர் சக்கரத்துல உடைஞ்சுது. அண்ணன், "உடைஞ்சுதுல்ல? கணக்குல சேத்துக்கோ"ன்னுட்டான். தொண்ணூறுகள்ல என்ன வந்துதோ, எல்லாமே வழவழன்னு உருண்டையாப் போச்சு. ஒரு மூலை கெடையாது, ஒரு விளிம்பு கெடையாது. நான் வீசின பாட்டில் மூக்குல பட்டு, அப்படியே வயித்தோரமா வழுக்கிக்கிட்டுப் பின்பக்கம் போயி இன்ஜின்ல உடைஞ்சுது. அதையும் சேத்துக்கிட்டோம். அப்புறம் ஜன்னலைச் சுறா செவுள் மாதிரி கீறிவிட்டாங்க. அஞ்சு வருஷம் அது. யாரோ ஒருத்தன் வரையறான், மத்தவன் பூராவும் அதையே பாத்துப் பாத்து வரையறான். ஸ்கூல்ல காப்பியடிச்சா மட்டும் முட்டி போடச் சொல்றாங்க.

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன் தம்பி. நீ வந்தே. கலரெல்லாம் போச்சு, சிமெண்ட் கலர். மூக்கைக் கத்தியால வெட்டின மாதிரி நேரா நிறுத்தினே. பத்தாதுன்னு அதைப் பின்பக்கமா சாய்ச்சே. முன்னாடி போற படகுக்குப் பின்னாடி சாய்ஞ்ச மூக்கு! போறியா, வரியா? அதாவது பரவாயில்லை. அதைச் சுத்தி ஒரு சாண் அகலத்துக்கு ரப்பர் மெத்தை! எங்க போயி இடிச்சாலும் அடிபடாதாம். சரிப்பா, படகுக்கு அடிபடாது. பாட்டிலுக்கும்தானே அடிபடாது? ரெண்டு வருஷமா கம்ப்யூட்டர்ல சுத்திச் சுத்தி வரைஞ்சியே, இந்த ஞானத்தாய்க் கிழவி எங்க உடைப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? நான் இந்தத் தோள்ல இருக்கிற பலத்தையெல்லாம் சேத்து வீசறேன், அது திங்னு எகிறுது, நீ என்னடான்னா போனை நீட்டிக்கிட்டு மூக்குக்குப் பக்கத்துல படம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. உன்னை அடிச்சது நானில்லை. உன் ரப்பர். நீ வரைஞ்சது உன்கிட்டயே திரும்பி வந்துது. இதோ பாட்டில், என் பையிலயே இருக்கு. ஒரு கீறல் விழுந்திருக்கா பாரு.

என்ன எழுதறே இவ்வளவு நேரமா? காட்டு. இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். "மூக்கை... இப்படி வரைஞ்சது... என்னோட தப்பு. எர்சீலியா அம்மாவின் மேல்... எந்தக் குத்தமும் இல்லை."

...

அட, என்ன தம்பி இது.

இல்லை, தூசி. ஆஸ்பத்திரின்னு பேரு, ஒரு ஃபேன் தொடைக்கிறது கெடையாது.

அழகா எழுதியிருக்கே. நல்ல பையன் நீ. ரெண்டு வருஷமா உன் காப்பியில சர்க்கரையைக் கொறைச்சுத்தான் போட்டேன், மன்னிச்சுக்கோ. நாளையிலேருந்து சரியாப் போடறேன்... ம்ம்... ஃபாரத்தை மடிச்சுக்கோ. சரி. முடிஞ்சுது. நான் இனிமே பேசலை.

...

தம்பி, அந்தப் பாட்டில் ஃபியோரென்சோ குடுத்த பாட்டில் இல்லை.

இன்னிக்குக் காலையில ரிப்பன் கட்டலாம்னு ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அவன் எடுத்து வெச்சிருந்த பாட்டிலைக் கையில எடுத்தா, வெரல்ல ஏதோ நெருடுது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். கண்ணாடி வெட்டற கத்தியால சுத்திக் கீறி வெச்சிருக்கான்! தொட்டாலே உடையற மாதிரி. பக்கத்துலயே அந்தக் கத்தி கெடக்கு, பிடியெல்லாம் தேஞ்சு போயி. தேஞ்சு போயி, தம்பி! எத்தனை வருஷமா கீறியிருப்பான்? நான் உடைச்சேன் உடைச்சேன்னு ஊரெல்லாம் மார்தட்டினேனே, எத்தனையை நான் உடைச்சேன், எத்தனையை அவன் உடைச்சுக் குடுத்தான்? அந்த ஸ்டோர் ரூம்லயே உக்காந்து அழுதேன். அப்புறம் எழுந்தேன். அவன் பாட்டிலைப் பொலெந்தா கிண்டற சோள மாவு டப்பாவுக்குள்ள பொதைச்சுட்டு, என் வீட்டு அலமாரியிலேருந்து இதை எடுத்துட்டு வந்தேன். இருக்கிறதுலயே தடியான பாட்டில். கல்லுல போட்டாலும் உடையாது. கீறாத பாட்டிலை என் கையால உடைச்சுக் காட்டறேன்டான்னு வந்தேன். அவன் பாட்டிலா இருந்தா உன் ரப்பர்ல கூட உடைஞ்சிருக்கும். உன் தாடைக்கும் ஒண்ணும்...

என்ன? ஏன் ஃபாரத்தைப் பிரிக்கறே? ஏய், ஏய், எதுக்கு அடிக்கறே அதை? எழுதினது நல்லாத்தானே இருந்துது! பேனாவை எடு... ஐயோ, என் வாயில இடி விழ! இந்த வாயை வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்?

ரெண்டு கோடு போட்டு அடிச்சுட்டியா. ம்.

சரி. எழுது. "பாட்டிலை மாத்தினது எர்சீலியா அம்மா"ன்னு எழுது. என் பேரைத் தப்பில்லாம எழுது. இனிமே பாட்டிலைத் தொடமாட்டேன், போ. கீறின பாட்டிலை உடைக்கிறதுக்கு நான் எதுக்கு, பேக்கரிக்காரரோட சின்னப் பேத்தி போதும்.

உன்னைத்தான் கூப்பிடறாங்க, எழுந்திரு. ஐஸ் பை, ஐஸ் பை! மெதுவாப் போ. தம்பி... தம்பி! ஒரு நிமிஷம், கதவைச் சாத்தாதே! எக்ஸ்ரே எடுத்ததும் டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வா. அடி ரொம்பப் பலமா விழுந்திருக்குன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. எழுபத்தாறு வயசுக் கைன்னு சேத்து எழுதச் சொல்லு. ஃபியோரென்சோகிட்ட காட்டணும்.

சீல் வெச்சு வாங்கிட்டு வாப்பா!