பூண்டு தின்னாத வீட்டில் தெலூரியம்

அவைக்குத் தலைமையேற்று, என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தும் முகம் சுளிக்காத பெரியவர் ராஜகுரு அவர்களே! தறிச் சத்தத்துக்கு ஒரு மாலை ஓய்வு கொடுத்துவிட்டுத் திரண்டு வந்திருக்கும் செல்லூர்த் தாய்மார்களே! நான் தொடும் முன்னும் தொட்ட பின்னும் மைக்கைத் துடைத்து வைக்கிற வெள்ளைத்துரை அண்ணே! கடைசி வரிசையில், தூணோரம், என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவே! எல்லோருக்கும் ஸ்வர்ணாவின் வணக்கம்.

தெலூரியத் தாதுக்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். அதைத் தவிர இப்போது என் வாழ்க்கையில் வேறென்ன இருக்கிறது?

நாகமலை புதுக்கோட்டை பக்கம் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் கல் இடித்து, சுட்டு, சோதிக்கிற வேலை எனக்கு. தங்கச் சுரங்கத்திலிருந்து வரும் கற்களில் தெலூரியம் என்ற தனிமம் ஒளிந்திருக்கும். கலாவரைட் என்று ஒன்று, தங்கமும் தெலூரியமும் கூடிய கல்: வெளிறிய பித்தளை நிறம், கையில் எடுத்தால் கனம், அடித்தால் நொறுங்கும். அதைச் சுட்டால் தெலூரியம் புகையாய்ப் போக, தங்கம் முத்து முத்தாய் வியர்த்து நிற்கும். அந்த அழகை என்னவென்று சொல்வேன்! சில்வனைட் என்று இன்னொன்று, வெள்ளியும் சேர்ந்தது. பாறை மேல் யாரோ கிறுக்கிவிட்டுப் போன எழுத்து மாதிரி படர்ந்திருக்கும். ஹெஸ்ஸைட் என்கிற தாதுவைக் கத்தியால் சீவலாம். டெட்ராடைமைட்டைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு விழும். எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? அடர்ந்த கந்தக அமிலத்தில் போட்டு மெல்லச் சூடேற்றுங்கள். தெலூரியம் இருந்தால், நம் வீட்டுச் சுங்குடிச் சேலைச் சாயம் போல ஊதாச் சிவப்பு பொங்கி வரும்!

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், தட்டுங்கள். இதன் இன்னொரு குணத்தையும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.

போன தைமாதம், முகமூடி இல்லாமல் தூள் இடித்தேன். அது மூச்சோடு கொஞ்சம் உள்ளே போய்விட்டது. உள்ளே போன தெலூரியத்தை உடம்பு வேறொன்றாக்கி, மூச்சிலும் வியர்வையிலும் வெளியே விடும். அதன் வாடை என்ன வாடை தெரியுமா? பூண்டு! பச்சைப் பூண்டு!

என்ன அக்கா? ஒச்சம்மாள் அக்கா கேட்கிறார்: "எம்புட்டு நாளைக்கு நாறும் தாயி?" மாதக்கணக்கில், அக்கா. பல் துலக்கினாலும் போகாது, தலை முழுகினாலும் போகாது.

எங்கள் வீட்டுக்குள் பூண்டு நுழைந்ததே இல்லை. பெருமாளுக்குப் படைக்கிற அடுப்பு அது. அந்த வீட்டில் நான் வாய் திறந்தால் பூண்டு! வெளியே எங்கேயோ திருட்டுத்தனமாய்த் தின்கிறாள் என்றார்கள். லத்தீபா வீட்டுப் பிரியாணி என்றே முடிவு கட்டினார்கள். லத்தீபா என் கூட வேலை பார்ப்பவள். அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "எங்க வீட்டுப் பூண்டு ஒரு ராத்திரியில அடங்கிரும்டி. நீ என்னடி, சித்திரையிலயும் மணக்குற!" சிரிப்பு வந்தது. வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அழுகை வந்தது. கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் மட்டும் காலி. வீட்டில் என் தட்டு மட்டும் பின்கட்டில்.

வருகிற வெள்ளிக்கிழமை என் தங்கை வசுந்தராவுக்குக் கல்யாணம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அம்மா சொன்னாள். எங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்: "மணமேடைப் பக்கம் வந்துராதே. சம்பந்தி வீட்டுக்காரங்க மூக்கைப் பொத்துனா நான் எங்க போய் மூஞ்சிய வச்சிக்கிறது?" கல் அம்மா, கல்லின் வாடை அம்மா என்றேன். "கல்லு நாறுமாடி?" என்றாள்.

நாறும் அம்மா! அவையறியச் சொல்கிறேன், நாறும்! நான் பூண்டைத் தொட்டதில்லை, பொய் சொன்னதில்லை. தங்கத்தைத் தெரியுமா உங்களுக்கு? காற்றோடு சேராது, தண்ணீரோடு சேராது, பூமிக்குள்ளே தன்னந்தனியாகக் கிடக்கும். அப்படிப்பட்ட தங்கம் அபூர்வமாக ஒன்றோடு கூடி ஒரே கல்லாகிறது என்றால், அது பெரும்பாலும் இந்தத் தெலூரியத்தோடுதான்! ஊரே மூக்கைப் பொத்துகிற ஒன்றைத் தங்கம் ஒதுக்கவில்லையே! பெற்ற வயிறு ஒதுக்கலாமா?

அமைதி, அமைதி. அம்மா எழுந்து நிற்கிறார்கள். ஏதோ கேட்கிறார்கள். சத்தமாகக் கேளுங்கள் அம்மா.

"நீ சொல்றதை நம்புறேன். அந்தக் கல்லு வேலைய விட்டுருவியா?" என்று கேட்கிறார்கள்.

மாட்டேன் அம்மா. இனி முகமூடி போட்டுக்கொள்வேன், வேலையை விட மாட்டேன். அதனால் மணமேடை எனக்கில்லை என்றால், வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு வெளியே, தெருவில் நிற்கிறேன். வசுந்தரா மாலையும் கழுத்துமாய்க் காரில் ஏற வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

தலைவர் ஐயா, மணி அடிக்க வேண்டாம், முடித்துவிட்டேன். இந்த அடைத்த அறையில் இவ்வளவு நேரம் ஒருவர்கூட எழுந்து போகாமல் என்னோடு உட்கார்ந்திருந்தீர்கள். அதற்கு நன்றி. வணக்கம்.