கவிழ்மலைப் பேச்சு

கற்பனை ஊருக்கு ஒரு ராஜாவை உண்டாக்குவது அரை நாள் வேலை. அந்த ஊர்க்காரன் காலில் கல் விழுந்தால் என்ன சொல்லிக் கத்துவான் என்று கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. இதை ஒரு வேலை என்று யாரும் மதிப்பதில்லை. நேற்று போலீஸ் ஸ்டேஷனில் நீங்களும் சிரித்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இந்தியில் சொன்னால் பாதி போய்விடும் என்பதால் தமிழிலேயே எழுதித் தருகிறேன். உங்கள் ஏட்டு செல்வம் வாசித்துச் சொல்லட்டும்.

என் பெயர் காளிராஜ். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை வீடு. போனில் கேட்கிற தொடர்கதைகளுக்கு எழுதுகிறேன். போன ஏப்ரலில் எனக்குக் கிடைத்தது 'கவிழ்மலை'. தலைகீழாகத் தொங்கும் ஒரு மலையின் அடியில் வாழும் ஜனங்களின் கதை. மலை, அரண்மனை, பறவைகள், போர் எல்லாம் பத்து நாளில் வந்துவிட்டன. பேச்சு மட்டும் வரவில்லை.

தொடரைத் தயாரிக்கும் பானுமதி மாதுங்காக்காரர். முதல் மூன்று பகுதிகளைப் படித்துவிட்டுச் செம்பூர் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"காளிராஜ், உங்க ஜனங்கள்லாம் ஸ்கூல் புக்லேர்ந்து எறங்கி வந்தவா மாதிரி பேசறா. அவாளுக்குக் கோவமே வராதா? கிண்டலே பண்ண மாட்டாளா? அவாளுக்குன்னு ஒரு பாஷை வேணும்."

மூன்று வாரம் முயன்றேன். வானையும் தூசியையும் ஒட்டிச் சொல் செய்தேன், கல்லையும் காக்கையையும் ஒட்டினேன். ஒட்டிய இடம் தெரிந்தது. எங்கள் சந்தில் நிமிடத்துக்கு ஒரு புதுப் பேச்சு பிறக்கும். ஆனால் அதை எடுத்துப் போட்டால் தாராவி என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். எழுதுவதும் அடிப்பதுமாக இரண்டு மாதம் போயிற்று. ஒரு மனிதனுக்குத் தன் தலைக்குள் இருந்து ஒரு வசவுகூட எடுக்க முடியாமல் போவது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை.

ஜூலையில், மழை கொட்டிய ஒரு வாரத்தில், என் மனைவி மாரிசெல்வி வேலை செய்யும் இடத்தில் விழுந்துவிட்டாள். தோல்பை தைக்கும் பட்டறையில் தையல் சரிபார்ப்பது அவள் வேலை. வயது முப்பத்தாறு. மூளையில் அடைப்பு என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். வலது கை தளர்ந்திருந்தது. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் சொல்லத்தான் சரியான வார்த்தை கைக்கு அகப்படாது, பக்கத்தில் கிடக்கும் ஏதோ ஒன்று வரும் என்று டாக்டர் விளக்கினார்.

வந்த மறுநாள் காலையில் அவள் என்னைப் பார்த்து, "நாக்குல ஞாயித்துக்கெழமையா கெடக்கு" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கவிழ்மலையில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் 'நாக்கில் சந்தை கூடவில்லை' என்று மாற்றி, தாகத்தில் சாகக் கிடக்கும் ஒரு சிப்பாயின் வாயில் வைத்தேன். பானுமதி அன்றே போன் செய்தார். "எங்கேர்ந்து பிடிச்சேள் இதை?" என்றார். தானாக வந்தது என்றேன்.

அதன்பின் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய அண்ணன் கணேசபாண்டியன் பாண்டுப்பில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் வருவார். ஒரு நாள் யாரையோ கோபமாகத் திட்டிக்கொண்டிருந்தார். "மொகத்துல நூலு அறுந்துட்டு" என்று அவரைக் காட்டிச் சிரித்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தபோது "செருப்பு திரும்பிட்டு" என்றாள். பயத்துக்கு, "செவரு கிட்ட வந்துட்டு." இவற்றில் எதுவும் ஒட்டிய மாதிரி தெரியவில்லை. எல்லாவற்றையும் கதையில் வைத்தேன். ஆகஸ்ட் முடிவதற்குள் தொடரைக் கேட்பவர்கள் ஒருவருக்கொருவர் இப்படியே எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மின்ரயிலில் என் எதிரே நின்ற இரண்டு பெண்கள், மேலதிகாரிக்கு நூல் அறுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போனேன்.

செவ்வாயும் வெள்ளியும் நுஸ்ரத் என்ற பெண் வீட்டுக்கு வருவார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். சாவி, சீப்பு, தட்டு என்று படம் போட்ட அட்டைகளைக் கொடுத்திருந்தார்.

"காளிராஜ் பாய், அவங்க தப்பா சொன்னா பரவாயில்ல. நீங்க சரியானதச் சொல்லுங்க, அவங்க திருப்பிச் சொல்லட்டும். ரோஜ், தெனமும் அரை மணி நேரம். இந்த மொதல் ஆறு மாசம் போனா திரும்பக் கெடைக்காது" என்றார்.

நான் அட்டைகளைக் காட்டினேன். உண்மையாகவே காட்டினேன். மாரியும் விடாப்பிடிக்காரி. அக்டோபரில் ஒரு காலை என்னைப் பார்த்து, "தண்ணி" என்றாள். பக்கத்து வீட்டு ராபியா கைதட்டினாள். மச்சான் கண் கலங்கினார். சாவி வந்தது, கதவு வந்தது, என் சட்டைப் பித்தான் அறுந்திருக்கிறது என்று முழு வாக்கியமாகச் சொன்னாள்.

அந்த வாரம் எனக்குத் துரோகத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. சேனாதிபதி ராணியைக் காட்டிக்கொடுக்கும் கட்டம். மாரியிடம் கதையைச் சொல்லி, "இத என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஏமாத்திட்டான்" என்றாள். சொல்லிவிட்டு, தானே சரியாகச் சொன்ன சந்தோஷத்தில் சிரித்தாள்.

ஏமாத்திட்டான். யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. எனக்கு எழுந்து போய் வாசலில் நிற்க வேண்டும் போலிருந்தது. பானுமதி, "ரெண்டு வாரமா புதுசா ஒண்ணும் காணோமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒட்டிப் பார்த்தேன். பழையபடியே அசிங்கமாக இருந்தது.

நுஸ்ரத்துக்குப் போன் செய்து, நாங்கள் பாண்டுப்புக்கு மச்சான் வீட்டோடு போகிறோம், அங்கேயே பயிற்சிக்கு ஆள் இருக்கிறது என்றேன். மச்சானிடம், அந்தப் பெண் வருவதை நிறுத்திவிட்டது என்றேன். இரண்டுமே சின்னப் பொய்கள். அட்டைகளைப் பரணில் போட்டேன்.

மற்றபடி நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை, குரல் உயர்த்தியதில்லை. "தண்ணி" என்பாள். "புரியலயே, மாரி" என்பேன். அவ்வளவுதான். மறுபடி சொல்வாள். மறுபடி புரியவில்லை என்பேன். முகம் சிவந்து இடக்கையால் கட்டிலைக் குத்துவாள். ஒருமுறை தட்டை வீசினாள். பிறகு அவள் வாய் வேறு வழி தேடும். "உள்ள செங்கல் அடுக்குதாங்க" என்பது போல ஏதாவது வரும். உடனே தலையசைத்துத் தண்ணீர் கொடுப்பேன். எது சொன்னால் தண்ணீர் வரும் என்று அவளுக்கு மூன்று வாரத்தில் பிடிபட்டுவிட்டது. நவம்பர் கடைசியில் ராபியாவிடமே அப்படிப் பேச ஆரம்பித்தாள்.

"போன மாசம் நல்லாப் பேசுனாங்களே அண்ணா?" என்று ராபியா கேட்டாள்.

இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

டிசம்பர் பதினொன்றாம் தேதி, வியாழக்கிழமை. மறுநாள் கடைசிப் பகுதி கொடுக்க வேண்டும். ராணி சாகிற கட்டம். காலையிலிருந்து ஒரு வரி நகரவில்லை. பதினோரு மணி இருக்கும். மாரி கட்டிலில் உட்கார்ந்து இடக்கையால் அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு, "தல வலிக்கு" என்றாள்.

"புரியலயே" என்றேன். பழக்கம்தான்.

"தல வலிக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ராபியா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதைக் கேட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சரிதான். அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் நோட்டில் எழுதவில்லை. எழுத அவற்றில் என்ன இருக்கிறது?

"வேற மாதிரி சொல்லு, மாரி" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். "மேல் மாடில தறி ஓடுது." "வெளக்கு சாயுது." "பாதி ஊரு அணைஞ்சுட்டு." ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து. நான் நோட்டில் குனிந்திருந்தேன். இத்தனை நல்லவை ஒரே நாளில் வந்ததே கிடையாது. எத்தனை இடைவெளி விட்டு வந்தது என்பது அந்தக் கட்டத்துக்கு முக்கியம் என்பதால் பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன். மச்சான் உங்களிடம் கொடுத்த பக்கம் அதுதான். பதினான்கு வரிகள். முதலாவது 11.10. கடைசி, "எம் பேரத் தூக்கிட்டுப் போறாங்க", 11.52.

அதற்குப் பிறகு பேசவில்லை. யோசிக்கிறாள் என்று நினைத்துப் பேனாவோடு காத்திருந்தேன். அவரைக்காய்த் தட்டு சரிந்தபோதுதான் நிமிர்ந்தேன். ஆட்டோ பிடித்தேன். எப்போது ஆரம்பித்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இப்போதுதான் என்றேன். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்ததா என்று நேற்று நான்கு தடவை கேட்டீர்கள். புரிந்தது. முதல் தடவை சொன்னபோதே புரிந்தது. நாற்பத்திரண்டு நிமிடமும் புரிந்தது. ரோட்டுக்கு ஓடினால் ஆட்டோவுக்கு இரண்டு நிமிடம், ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம். அதுவும் தெரியும். இதற்கு மேல் நீங்கள் கேட்க ஒன்றுமில்லை. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். மச்சான் கொடுத்த புகாரில், அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்த்தாலும் அன்றைக்குப் போல நான் அவள் பேச்சைக் கேட்டதில்லை. ஒரு சொல்லைக்கூட விடவில்லை.